மாந்தோப்பில் ஸ்லேஷர்: மாட்டுவது, மட்டம் பார்ப்பது, ஓட்டுவது

கேட்டவருக்குப் பர்கூர் பக்கம் 7 ஏக்கர் மாந்தோப்பு. பெரும்பாலும் பெங்களூரா, கொஞ்சம் செந்தூரா. 42 எச்பி டிராக்டர் வைத்திருக்கிறார். டிராக்டருக்குப் பின்னால் மாட்டிப் புல் வெட்டும் மெஷினான ஸ்லேஷர், பழைய 5 அடி ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறார். ஓட்டினால் சீட் வரைக்கும் உதறுகிறதாம். புல் பாதி வெட்டுப்படாமல் படுத்துக்கொள்கிறதாம், நடுவில் கோடு கோடாக நிற்கிறதாம். "இதை விற்றுவிட்டு எப்போதும் போல ரோட்டவேட்டரே விட்டுக்கொள்ளலாமா?" என்பது கேள்வி.

விற்காதீர்கள். நீங்கள் சொல்லும் மூன்று தொல்லையுமே பெரும்பாலும் மாட்டியதிலும் பராமரிப்பிலும் ஓட்டியதிலும் வந்தவை, மெஷினே ஆகாதது என்பதால் அல்ல. மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரோட்டவேட்டரோடு ஒப்பிடுவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். மாமரத்துக்குச் சாப்பாடு எடுக்கும் சல்லிவேர் நிறைய மேல்மண்ணில்தான் ஓடுகிறது. வருஷத்துக்கு மூன்று தடவை ரோட்டவேட்டர் விட்டால் புல்லோடு சேர்த்து அதையும் அறுக்கிறோம். நம் தோப்புகள் பல சரிவில் இருக்கின்றன. உழுது பொடியாக்கிய செம்மண் ஒரு பெருமழைக்கு ஓடைக்குப் போய்விடும். ஸ்லேஷர் வெட்டிய தோப்பில் வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டே இருக்கும். உழவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மழைக்கு முன் ஒரு உழவு, மானாவாரிக் கொள்ளு விதைக்கும் இடத்தில் ஒரு உழவு, அதெல்லாம் அப்படியே இருக்கட்டும். புல்லை அடக்க மட்டும் உழ வேண்டாம் என்கிறேன்.

மாட்டுவதற்கு முன்னால், டிராக்டர் மெஷினைத் தாங்குமா என்று பார்ப்போம். சுமாரான புல்லுக்கு ஒரு அடி அகலத்துக்கு 5 எச்பி என்பது வழக்கமான கணக்கு. அந்த எச்பி பிடிஓ முனையில் கிடைப்பது. பிடிஓ என்பது பின்னால் மாட்டிய மெஷினைச் சுற்றவைக்கும் டிராக்டரின் அச்சு. என்ஜின் எச்பியில் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 42 எச்பி வண்டிக்குப் பிடிஓவில் 35 எச்பி பக்கம் வரும். 5 அடி ஸ்லேஷருக்கு 25 போதும். ஆகவே உங்கள் வண்டிக்குத் தாராளம். 20 எச்பி மினி டிராக்டருக்குப் பிடிஓவில் 17 தான் வரும், அதை வைத்திருப்பவர்கள் சுமார் மூன்றரை அடிக்கு மேல் போக வேண்டாம்.

டிராக்டரின் பின்னால் கீழே இருக்கும் இரண்டு கைகளான லோயர் லிங்க்கில் மாட்டும்போது பின் அளவைப் பாருங்கள். ஸ்லேஷரில் இருக்கும் பின் 22 மி.மீ., டிராக்டர் லிங்க்கின் துளை 28 மி.மீ. என்றால் நடுவில் புஷ் போட வேண்டும். புஷ் இல்லாமல் மாட்டியவர்கள் நிறையப் பேர். ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நாளில் துளை முட்டை வடிவமாகி, மெஷின் லடலடவென்று ஆடும். லிங்க் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் செக் செயின் இரண்டையும் இறுக்கி விடுங்கள். மெஷின் பக்கவாட்டில் ஒரு இஞ்சுக்கு மேல் ஆடக் கூடாது. மாமரத்தை ஒட்டிப் போகும்போது ஆடினால் பட்டை உரியும். உரிந்த இடம் தண்டுத் துளைப்பான் வண்டு முட்டை வைக்க வாட்டமான இடம்.

இனி பிடிஓ ஷாஃப்ட், அதாவது பிடிஓவையும் ஸ்லேஷரின் கியர்பாக்ஸையும் இணைக்கும் சுழலும் தண்டு. பழைய மெஷின் வாங்குகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இதைப் பார்ப்பதே இல்லை, 'மாட்டிக்கிச்சு, போதும்' என்று கிளம்பிவிடுகிறார்கள். உங்களுக்கு முன் இந்த மெஷினை வைத்திருந்தவரின் டிராக்டர் வேறு, உங்கள் டிராக்டர் வேறு. பிடிஓ முனைக்கும் கியர்பாக்ஸ் முனைக்கும் உள்ள தூரம் வண்டிக்கு வண்டி மாறும். ஷாஃப்ட் நீளமாக இருந்தால், மெஷினைத் தூக்கும்போது உள்குழாய் போய் முட்டும். அந்த முட்டு நேராக டிராக்டரின் பிடிஓ பேரிங்கிலோ ஸ்லேஷரின் கியர்பாக்ஸிலோ இறங்கும். குட்டையாக இருந்தால், பள்ளத்தில் இறங்கும்போது இரண்டு குழாயும் கழன்று, சுற்றிக்கொண்டே சாட்டை மாதிரி அடிக்கும்.

பார்க்கும் விதம் இதுதான். ஷாஃப்ட்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை டிராக்டரிலும் மறு பாதியை ஸ்லேஷரிலும் மாட்டிவிடுங்கள். லிஃப்ட்டை மெதுவாக ஏற்றி இறக்கி, இரண்டு முனையும் எந்த உயரத்தில் மிக அருகில் வருகின்றன என்று பாருங்கள். ஷாஃப்ட் தரைக்குச் சமமாக நிற்கும் இடத்தில்தான் பெரும்பாலும் அது வரும். அங்கே நிறுத்தி, லிஃப்ட் இறங்காதபடி அடியில் மரக்கட்டை கொடுத்து, என்ஜினை அணைத்துவிட்டு, இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துச் சாக்கட்டியால் கோடு போடுங்கள். குழாய் முழுக்க உள்ளே போனாலும் ஒரு இஞ்சுக்குக் குறையாமல் இடைவெளி மிஞ்ச வேண்டும். அதிகமாக இருப்பதை உள்குழாய், வெளிக்குழாய், மேல் பிளாஸ்டிக் உறை எல்லாவற்றிலும் ஒரே அளவுக்கு வெட்டுங்கள். வெட்டிய விளிம்பை அரத்தால் பிசிர் எடுத்து, தூள் இல்லாமல் துடைத்து, கிரீஸ் பூசி ஏற்றுங்கள். பிறகு மெஷின் அதிகபட்சம் இறங்கும் இடத்தில் குழாய்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லை என்றால் அந்த ஷாஃப்ட் உங்கள் வண்டிக்கு ஆகாது.

ஏற்றும்போது இரண்டு முனையிலும் உள்ள கவைகள், அதாவது யோக், ஒரே வரிசையில் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். ஒன்று நின்றவாக்கில், இன்னொன்று படுத்தவாக்கில் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் ஏறி இறங்கும். ஷாஃப்ட் விக்குவது மாதிரி இருக்கும். சதுரக் குழாய் ஷாஃப்ட்டில் கால் சுற்று தவறாக ஏற்றிவிடுவது ரொம்ப சாதாரணம். நீங்கள் சொல்லும் உதறலுக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். முனையில் இருக்கும் பூட்டுப் பின் 'டிக்' என்று விழ வேண்டும். விழுந்ததா என்று பார்த்தால் போதாது, இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள்.

இங்கேயே இன்னொரு விஷயம். உங்கள் டிராக்டர் சிங்கிள் கிளட்ச்சா, டூயல் கிளட்ச்சா? எங்களிடம் இருந்த பழைய 35 எச்பி வண்டி சிங்கிள் கிளட்ச். முதல் நாள் ஸ்லேஷர் மாட்டி, தோப்பின் கடைசியில் திரும்பப் போகிறேன், முன்னால் ஒரு செந்தூரா மரம். கிளட்ச்சை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. முழு மிதி மிதித்தும் யாரோ பின்னாலிருந்து தள்ளுவது மாதிரி போய்க்கொண்டே இருந்தது. கடைசி நொடியில் பிரேக்கை அமுக்கினேன். பம்பர் மரத்தில் பட்டு, ரேடியேட்டர் கிரில் நசுங்கி நின்றது.

நடந்தது இதுதான். கிளட்ச் என்ஜினை மட்டும்தான் பிரித்துவிடுகிறது. ஸ்லேஷரின் இரும்புத் தட்டும் கத்திகளும் சுற்றிய வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். சிங்கிள் கிளட்ச்சில் பிடிஓவும் சக்கரமும் ஒரே கியர் கூட்டத்தில் இருப்பதால், சுற்றும் தட்டு பிடிஓ வழியாக உள்ளே வந்து சக்கரத்தைத் தள்ளும். இதற்கு வழி ஒரு ஓவர்ரன்னிங் கப்ளிங். சைக்கிளின் ஃப்ரீவீல் மாதிரி, என்ஜின் பக்கமிருந்து மெஷினுக்குத் திருப்பும், மெஷின் பக்கமிருந்து திருப்ப விடாது. சில ஷாஃப்ட்டிலேயே அது இருக்கும். இல்லை என்றால் தனியாகக் கிடைக்கிறது, பிடிஓ முனையில் மாட்டலாம். மாட்டினால் ஷாஃப்ட்டுக்கு நீளம் கூடும், அதையும் சேர்த்துத்தான் மேலே சொன்ன அளவை எடுக்க வேண்டும். டூயல் கிளட்ச் வண்டியில் இந்தத் தொல்லை குறைவு. பாதி மிதியில் சக்கரம் நிற்கும், முழு மிதியில் பிடிஓ நிற்கும்.

சரி, மட்டம் பார்ப்பதற்கு வருவோம். புல் படுத்துக்கொள்கிறது என்கிறீர்களே, அதற்கு முதல் சந்தேகம் இங்கேதான். சமதளமான இடத்தில், களத்து மேடு இருந்தால் நல்லது, வண்டியை நிறுத்துங்கள். மெஷினை வெட்டும் உயரத்துக்கு இறக்கி, என்ஜினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கீழே மரக்கட்டை கொடுங்கள். ஹாலோ பிளாக் கொடுக்காதீர்கள், அது சொல்லாமல் உடையும். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி எந்த மெஷினுக்கு அடியிலும் கை நீட்டாதீர்கள். இனி கத்தியை நேராக முன்பக்கம் திருப்பி, முனைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை டேப்பால் அளங்கள். அதே கத்தியைப் பின்பக்கம் திருப்பி அளங்கள். முன்பக்கம் ஒன்றிலிருந்து இரண்டு செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும்.

ஏன் என்றால், முன் தாழ்ந்திருந்தால் புல்லை முன்பக்கத்தில் ஒரே வெட்டு வெட்டிப் பின்னால் தள்ளிவிடும். பின் தாழ்ந்திருந்தால், முன்னால் வெட்டியதைப் பின்னால் மறுபடி வெட்டும். மறுபடி வெட்டுவதற்கு எச்பி தின்னும், டீசல் தின்னும், வெட்டிய புல் அடியில் கட்டியாகச் சேர்ந்து குவியல் குவியலாக விழும். நிறையப் பேர் 'இழுவை ஜாஸ்தியா இருக்கு' என்று சொல்வதற்குக் காரணம் இந்த இரண்டு செ.மீ. தான். முன் ரொம்பவும் தாழ்ந்தால் மண்ணைச் சுரண்டும். மேலே நடுவில் மாட்டும் டாப் லிங்க்கைக் குறைத்தால் மெஷினின் பின்பக்கம் மேலே வரும், நீட்டினால் கீழே போகும். இடது வலது மட்டத்துக்கு வலது லிஃப்ட் ராடில் உள்ள கைப்பிடியைத் திருப்புங்கள்.

பின்சக்கரம், அதாவது டெயில் வீல், தரையைத் தொட்டு மெஷினின் பின்பாரத்தைத் தாங்க வேண்டும். அதன் உயரத்தை மாற்றும் துளைகள் இருக்கும். வெட்டும் உயரத்தை முன்னால் லிஃப்ட்டும் பின்னால் இந்தச் சக்கரமும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. உங்கள் மெஷினில் டாப் லிங்க் மாட்டும் இடத்தில் ஆடும் பட்டையோ நீள்துளையோ இருந்தால், ஓடும்போது அது நடுவில் தளர்வாக நிற்கும்படி டாப் லிங்க்கை வையுங்கள். அப்போதுதான் டிராக்டர் பள்ளத்தில் இறங்கும்போது மெஷின் தனியாக ஏறி இறங்கும். ஹைட்ராலிக் லீவர்களில், மெஷினை ஒரே உயரத்தில் நிறுத்தும் பொசிஷன் லீவரை மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். டிராஃப்ட் லீவர் கலப்பைக்கானது. அதை வைத்து ஸ்லேஷர் ஓட்டினால் மெஷின் தானாகத் தூக்கித் தூக்கி இறங்கும், தோப்பில் படிக்கட்டு வெட்டியது மாதிரி இருக்கும்.

இனி கத்தி. உதறலுக்கு என் முதல் சந்தேகம் இங்கேதான் போகிறது. ஸ்லேஷர் கத்தி இறுக்கிப் பிடித்தது அல்ல, போல்ட்டில் தொங்கி ஆடுவது. சுற்றும் வேகத்தில் வெளியே விரிந்து நிற்கும், கல்லோ கட்டையோ பட்டால் பின்னால் மடங்கித் தப்பிக்கும். பழைய மெஷின் மழையில் நின்றிருந்தால் போல்ட் துருப்பிடித்து ஒரு கத்தி மட்டும் மடங்கிய இடத்திலேயே இறுகிவிடும். ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் மடங்கினால் வண்டி உதறாமல் என்ன செய்யும்? என்ஜின் அணைந்த நிலையில், தடித்த கையுறை போட்டுக்கொண்டு, இரண்டு கத்தியையும் கையால் ஆட்டிப் பாருங்கள். தடங்கலில்லாமல் ஆட வேண்டும்.

ஆடுகிறது என்றால் அடுத்தது எடை. பழைய உரிமையாளர் உடைந்த கத்திக்கு மட்டும் புதிதாகப் போட்டுவிட்டுப் பழையதை அப்படியே விட்டிருப்பார். கத்தியை எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். இரண்டையும் கழற்றி எலக்ட்ரானிக் தராசில் வையுங்கள், மளிகைக் கடையில் இருக்கிறதே அது போதும். வித்தியாசம் இருந்தால் கனமான கத்தியின் பின்முனையில் தேய்த்துச் சரிசெய்யலாம். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிற அளவு என்றால் புது ஜோடி வாங்கிவிடுங்கள்.

கத்தியின் கூர் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பது மேலே பெயின்ட்டில் போட்டிருக்கும் அம்புக்குறியைப் பார்த்தால் தெரியும். கூர் சுற்றும் திசையில் முன்னால் வர வேண்டும். சில கத்திகளில் பின்விளிம்பு மேல்நோக்கி மடங்கியிருக்கும். அது காற்றை இழுத்துப் புல்லை நிமிர்த்துவதற்கு. அதைத் தலைகீழாக மாட்டினால் புல்லைக் கீழே அமுக்கும். சாணை பிடிக்கும்போது சவரக்கத்தி மாதிரி பிடிக்காதீர்கள். விளிம்பில் ஒன்றரை மி.மீ. தடிமன் விட்டுவிடுங்கள். நம் ஊர்க் கல்லில் மெல்லிய கூர் அரை நாள்கூட நிற்காது. கத்தி போல்ட் அந்த மெஷினுக்கென்று வரும் கடினப் போல்ட்டாகவே இருக்கட்டும். முழு பலத்தோடு இறுக்கி, வேலை ஆரம்பித்து ஓரிரு மணி நேரத்தில் மறுபடியும் இறுக்குங்கள். புது போல்ட் முதல் நாள் கட்டாயம் தளரும்.

அடுத்து, ஷியர் போல்ட் அல்லது ஸ்லிப் கிளட்ச், எது இருக்கிறதோ அது. ஷியர் போல்ட் என்பது அறுந்து போவதற்காகவே வைத்தது. கட்டையில் மோதினால் அது அறும், கியர்பாக்ஸ் பிழைக்கும். 'அடிக்கடி அறுந்து போவுது' என்று கடினமான போல்ட் போட்டு விட்டவர்களை எனக்குத் தெரியும். அந்தப் போல்ட் அறவில்லை, கியர்பாக்ஸ் பல்தான் போனது. சுமை கூடினால் தட்டுகள் நழுவிக் காப்பாற்றும் ஸ்லிப் கிளட்ச் இருந்தால் வேறு ஒரு சிக்கல். சும்மா நின்ற மாதங்களில் தட்டுகள் துருவில் ஒட்டிப் போயிருக்கும், நழுவவே நழுவாது. ஸ்பிரிங் நட்டுகளின் நீளத்தை அளந்து குறித்துக்கொண்டு, அவற்றைத் தளர்த்தி, பிடிஓவை இரண்டு மூன்று நொடி போட்டு எடுங்கள். தட்டுகள் நழுவிச் சூடேறும். பிறகு பழைய நீளத்துக்கே இறுக்குங்கள். தட்டுகளின் விளிம்பில் குறுக்கே ஒரு சாக்கட்டிக் கோடு போட்டு வைத்தால், கோடு விலகியதைப் பார்த்து நழுவியதா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

கியர்பாக்ஸில் 90 நம்பர் கியர் ஆயில், பக்கவாட்டு பிளக் மட்டம் வரை. ஷாஃப்ட்டின் கவைகளுக்கு நடுவில் இருக்கும் கிராஸ் பேரிங்குக்கும் டெயில் வீலுக்கும் தினமும் கிரீஸ். இதில் விளக்க ஒன்றுமில்லை.

கிருஷ்ணகிரி, தர்மபுரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் ஸ்லேஷரை எவ்வளவு உயரத்தில் ஓட்டுவது என்பதைப் புல் முடிவு செய்வதில்லை, கல்தான் முடிவு செய்கிறது. தஞ்சாவூரில் ஓட்டுகிறவர் இரண்டு இஞ்சில் ஓட்டலாம். செம்மண்ணுக்கு அடியிலேயே கருங்கல் பாறை கிடக்கிற நம் நிலத்தில், ஒவ்வொரு உழவுக்கும் புதுக்கல் மேலே வந்துகொண்டே இருக்கும். 4 இஞ்சுக்குக் கீழே இறக்காதீர்கள். ரொம்பக் கல் உள்ள மூலைகளில் 6 இஞ்ச் வைத்தாலும் தப்பில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பிடிஓ நிமிஷத்துக்கு 540 சுற்று. கியர்பாக்ஸ் அதை ஏற்றி, கத்தி 900, 950 சுற்று வரை சுற்றும். 5 அடி மெஷினில் கத்தி முனை போடும் வட்டத்தின் ஆரம் சுமார் 75 செ.மீ. அந்த முனையின் வேகம் மணிக்கு 260, 270 கிலோமீட்டருக்குப் பக்கம் வரும். அந்த வேகத்தில் ஒரு ஜல்லியைத் தட்டினால் என்ன ஆகும்? எங்கள் தோப்பில் ஆனதைச் சொல்கிறேன். பின்பக்கச் சங்கிலித் தடுப்பு இரண்டு மூன்று அறுந்திருந்தது, 'அடுத்த வாரம் போட்டுக்கலாம்' என்று விட்டிருந்தேன். எலுமிச்சம்பழ அளவு கல் ஒன்று அந்த இடைவெளியில் வெளியேறி, நாற்பது அடிக்கு அப்பால் இருந்த மாட்டுக்கொட்டாயின் ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டைத் துளைத்து உள்ளே விழுந்தது. மாடுகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. சங்கிலித் தடுப்பு முன்னும் பின்னும் ஒன்றுகூடக் குறையாமல் இருக்க வேண்டும். ஓடும்போது சுற்றிலும் 100 மீட்டருக்கு ஆள், ஆடு, மாடு இருக்கக் கூடாது. தோப்பு ஊர்ப் பாதையை ஒட்டி இருந்தால் பாதை ஓர வரிசையைப் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஓட்டாதீர்கள்.

அதனால் முதல் தடவை ஓட்டுவதற்கு முந்தின நாள் தோப்பை நடந்து பாருங்கள். ஒரு கூடை, சுண்ணாம்பு, கொஞ்சம் குச்சி எடுத்துக்கொள்ளுங்கள். தூக்க முடிகிற கல்லைத் தூக்கி வரப்பில் போடுங்கள், தூக்க முடியாததற்குச் சுண்ணாம்பு அடித்துக் குச்சி நடுங்கள். எல்லைக் கல், போர் கேசிங், வால்வு, கரையான் புற்று, பழைய மரத்தின் அடிக்கட்டை எல்லாம் புல்லுக்குள் ஒளிந்திருக்கும். தரைமட்டக் கிணறு இருந்தால், அதன் விளிம்பிலிருந்து 15 அடியாவது விட்டுவிடுங்கள். அந்தப் புல்லை அரிவாளால் அறுத்துக்கொள்ளலாம். நடக்கும்போதே மரத்தில் கதண்டுக் குளவிக் கூடு இருக்கிறதா என்று மேலேயும் பாருங்கள். டிராக்டர் சத்தத்துக்குக் கலைந்து வந்தால் ஓடக்கூட நேரம் இருக்காது.

கல்லுக்கு அடுத்த எதிரி கம்பியும் குழாயும். பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளி போட்ட நிலத்தை மாந்தோப்பாக்கியவர்களுக்குத் தெரியும், குச்சி கட்டிய கம்பியும் நைலான் கயிறும் வருஷக்கணக்கில் மண்ணில் கிடக்கும். அவை கத்தித் தட்டுக்கு மேலே இருக்கும் அச்சில் சுற்றிக்கொண்டு ஆயில் சீலை அறுக்கும். எனக்கு அதைச் செய்தது 16 மி.மீ. சொட்டுநீர்க் குழாய். மரத்தடியில் சுருட்டி வைத்திருந்ததன் ஒரு முனை வெளியே நீண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. இருபது அடி குழாய் ஒரு நொடியில் உள்ளே போய்விட்டது. வெட்டி எடுத்துவிட்டு ஓட்டினேன். சீல் போனது இரண்டு நாள் கழித்து, தட்டின் மேல் எண்ணெய் கசிந்து புல்தூசி பசையாக ஒட்டியதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. சொட்டுநீர் இருந்தால் குழாயை மர வரிசையிலேயே தண்டை ஒட்டிக் கொண்டுபோங்கள். வரிசைக்கு இரு பக்கமும் மூன்று அடி ஸ்லேஷர் போகாத இடமாக விட்டுவிட்டு அதை பிரஷ் கட்டரால் வெட்டுங்கள்.

இனி ஓட்டுவது. ஆக்சிலரேட்டரைக் குறைத்து வைத்து, மெஷினைத் தரையிலிருந்து கொஞ்சம் மட்டும் தூக்கிய நிலையில் பிடிஓவைப் போடுங்கள். அது சுற்றத் தொடங்கியதும் மெதுவாக ஏற்றி, மீட்டரில் 540 என்று குறித்திருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் அங்கேயே நிறுத்துங்கள். வண்டியின் வேகத்தைக் கியரில் மாற்ற வேண்டும், ஆக்சிலரேட்டரில் அல்ல. டீசல் மிச்சம் பிடிக்க ஆர்பிஎம்மைக் குறைத்து ஓட்டுவதால்தான் பல தோப்புகளில் புல் வெட்டுப்படாமல் படுக்கிறது. வேகம் இல்லாத கத்தி புல்லை அடிக்கும், அறுக்காது. லோவில் முதல் அல்லது இரண்டாம் கியர், மணிக்கு 3 முதல் 5 கிலோமீட்டர். நடுவில் கோடு கோடாகப் புல் நிற்கிறது என்றீர்களே, வண்டி வேகமாகப் போயிருக்கிறது, ஒரு கத்தி வந்து போவதற்கும் அடுத்தது வருவதற்கும் நடுவில் புல் தப்பித்திருக்கிறது. டயர் போன தடத்தில் மட்டும் நிற்கிறது என்றால் அது வேறு, டயர் அமுக்கிய புல் நிமிரவில்லை. அடுத்த தடவை எதிர்த் திசையில் வந்தால் சரியாகிவிடும்.

இடுப்புயரம் வளர்ந்த புல்லை ஒரே தடவையில் அடிமட்டம் வரை வெட்ட நினைக்காதீர்கள். முதல் தடவை 8, 9 இஞ்சில் பாதி அகலம் மட்டும் எடுத்து ஓட்டி, இரண்டு நாள் காயவிட்டு, இரண்டாம் தடவை குறுக்கே 4 இஞ்சில் ஓட்டுங்கள். சாதாரணப் புல்லில் 5 அடி மெஷின் மணிக்கு ஒரு ஏக்கருக்குச் சற்று மேலே முடிக்கும். 7 ஏக்கருக்கு ஒரு நாள் வேலை. 30 அடி இடைவெளியில் வைத்த பழைய தோப்பில் வரிசைக்கு ஐந்தாறு நடை வரும், திரும்புவதும் சுலபம். 5 மீட்டருக்கு 5 மீட்டர் வைத்த அடர்நடவில் கிளை முகத்தில் அடிக்கும். முதலில் தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிட்டுத்தான் டிராக்டர் உள்ளே போக வேண்டும்.

மேட்டில் ஏறி இறங்கும் திசையில் ஓட்டுங்கள், குறுக்கே ஓட்டாதீர்கள். பின்னால் மெஷின் தூக்கியிருக்கும்போது முன்சக்கரம் லேசாகிவிடும், ஏற்றத்தில் ஸ்டியரிங் பிடிக்காது. முன்னால் வெயிட் போட்டுக்கொள்ளுங்கள். பிடிஓ சுற்றும்போது மெஷினை உயரத் தூக்கக் கூடாது, ஜாயிண்ட் கோணம் அதிகமாகிக் கடகடவென்று அடிக்கும். வரப்பு தாண்ட வேண்டுமா, பிடிஓவை எடுத்துவிட்டுத் தாண்டுங்கள். எடுத்த பிறகும் கத்தி நிற்கக் கொஞ்ச நேரம் ஆகும். சத்தம் நின்றதை வைத்து முடிவு செய்யாதீர்கள், கண்ணால் பார்த்த பிறகு இறங்குங்கள்.

லுங்கியோடு டிராக்டர் ஓட்டுகிறவர்கள் நம் பக்கம் பாதிப் பேர். இந்த வேலைக்கு வேண்டாம். நிமிஷத்துக்கு 540 என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. துண்டின் நுனி ஷாஃப்ட்டில் பட்டால் கையை எடுக்க நினைப்பதற்குள் ஆளைச் சுற்றியிருக்கும். பேன்ட், ஷூ, தோளில் துண்டு இல்லை, ஷாஃப்ட்டின் பிளாஸ்டிக் உறை உடையாமல் சங்கிலியோடு. மட்கார்டில் பையனை உட்காரவைத்துக்கொண்டு ஓட்டுவதும் வேண்டாம், எவ்வளவு அழுதாலும்.

எப்போது வெட்டுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைசிக் காய் இறங்கியதும் ஜூலை, ஆகஸ்டில் ஒன்று. ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஒன்று, பூ எடுப்பதற்கு முன் தோப்பு சுத்தமாக இருக்கும். காய் பறிக்க ஆள் இறங்குவதற்கு முன் ஏப்ரலில் ஒன்று, விழுந்த காய் கண்ணுக்குத் தெரியும், பாம்பும் தெரியும். ஏப்ரலில் புல் காய்ந்து கிடக்கும். சைலன்சர் ஓரம் பஞ்சு சேர்ந்தால் தீப்பிடிக்கும், ரேடியேட்டர் வலை புல்விதையால் அடைத்து வண்டி கொதிக்கும். மணிக்கொரு தடவை நிறுத்தித் தட்டிவிடுங்கள். பார்த்தீனியம் இருந்தால் பூப்பதற்கு முன் வெட்டுங்கள். பூத்து விதை பிடித்த பிறகு ஓட்டினால் தோப்பு முழுக்க நாமே விதைத்த மாதிரி. ஒரு வெட்டில் அது சாகாது, அடியிலிருந்து மறுபடி கிளைக்கும், மறுபடி வெட்ட வேண்டும். அதன் தூசி பட்டால் சிலருக்குத் தோல் கொப்பளிக்கும், முழுக்கைச் சட்டையும் முகத்துக்குத் துணியும் அவசியம்.

வெட்டிய புல்லை மரத்தடியில் மூடாக்காகப் போடலாம், ஆனால் தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி. ஒட்டிப் போட்டால் கரையான் ஏறும். மாட்டுக்குப் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஸ்லேஷர் புல்லைத் துண்டு துண்டாகச் சிதைத்து மண்ணோடு கலந்துவிடும், மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். தீவனத்துக்கு அரிவாளோ ரீப்பரோதான்.

உங்கள் மெஷினில் நாளைக் காலையில் முதல் வேலையாக அந்த இரண்டு கத்தியையும் கையால் ஆட்டிப் பாருங்கள். ஒன்று இறுகியிருந்தால் போல்ட்டைச் சுற்றி டீசல் ஊற்றி ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் சுத்தியலால் தட்டிக் கழற்றுங்கள். இரண்டும் நன்றாக ஆடினால் கவைகளைப் பாருங்கள், அப்புறம் எடை. அச்சில் கம்பி சுற்றியிருக்கிறதா என்பதையும் அதே சமயத்தில் டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம். என்ன கண்டீர்கள் என்று சொல்லுங்கள், அதை வைத்து மேற்கொண்டு பார்ப்போம்.